ஆவடியில் நிற்கிறேன், ஆயா

என் மாடி அறைப் பெண்ணை யாரும் துரத்தவில்லை. அவளும் ஓடிப்போகவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள், சாமுண்டீஸ்வரி. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நீ பார்த்தது மூடிய கதவை. கேட்டது உள்ளேயிருந்து வந்த பேச்சை. மீதி எல்லாம் நீயாகச் சேர்த்துக்கொண்டது.

தண்ணீர் லாரி வந்த அன்று, பத்துப் பேர் குடத்தோடு நிற்கும்போது என்னைக் கேட்டாயே, நினைவிருக்கிறதா?

"நாலு வருசமா கதவ சாத்திக்கினு யாராண்ட ஆயா பேசிக்கினு இருந்திச்சு அந்தப் பொண்ணு? உள்ள எவனோ இருந்துகீறான். இப்ப பையத் தூக்கிக்கினு கெளம்பிடுச்சு."

"எவனும் இல்லடி. மெஷினாண்ட பேசினா."

பத்துப் பேரும் சிரித்தார்கள். கேன் தண்ணீர் போடுகிற வரதன் வாய் சும்மா இருக்குமா? "மெஷினு பதிலுக்கு இன்னா சொல்லிச்சு ஆயா?" என்றான்.

"கேன் கேட்டா நாளைக்கின்னு சொல்ற உன்ன மாதிரி இல்ல. கேட்ட ஒடனே பதில் சொல்லிச்சு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து சொல்லுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. பேத்தி கனிமொழி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக வேண்டுமானால் ஆக்கிக்கொள், சேதியை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

தாட்சாயிணி என் வீட்டு மாடி அறைக்கு வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால், ஆடி முடிந்த மறுநாள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. தேனிக்கு மேலே மலையில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தாய் இல்லை. தகப்பனார் தோட்டத்து ஆபீசில் வாட்ச்மேன். அவள் வேலை என்ன என்று கேட்டேன். ரத்தம் பரிசோதிக்கிற லேப்புகள் இருக்கின்றன அல்லவா, அங்கிருந்து டாக்டர்களுக்கு ரிப்போர்ட் அனுப்புகிற ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"சர்வர்னா ஓட்டல்ல இலை போடுவானே?"

"அது இல்ல ஆயா. இதுவும் கம்ப்யூட்டர்தான். ஆனா அணைக்கவே கூடாது. எங்கேயோ ஒரு குளிர் ரூம்ல ஆறு இருக்கு. நான் இங்க இருந்தே உள்ள போய் வேலை பாத்துட்டு வருவேன்."

சரி, ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் வடகம் காயவைக்க மேலே போனால், ஜன்னல் வழியே அவள் குரல் கேட்கிறது. "ஆவடியில் நிற்கிறேன். இது ஆவடி. ஆவடியில்தான் நிற்கிறேன்." எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. உனக்கு வந்த சந்தேகம் எனக்கும் வந்தது, சாமுண்டீஸ்வரி. ஆனால் நான் கதவைத் தட்டிக் கேட்டேன்.

"இன்னா கண்ணு, கள்ளிக்குப்பத்துல குந்திக்கினு ஆவடில நிக்கிறேன்ற?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அந்த ஆறு மெஷினையும் முதலில் அமைத்த ஆள் தினமும் மின்சார ரயிலில் வருகிறவனாம். ஸ்டேஷன் பெயராகவே வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆவடி என்பது மெய்யான ரிப்போர்ட் எல்லாம் ஓடுகிற மெஷின். அண்ணனூர் என்பது சும்மா செய்து பார்க்கிற மெஷின். அதில் எது உடைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொன்று நெமிலிச்சேரி. மற்றதில் இருக்கிறதையெல்லாம் நகல் எடுத்து வைக்கிற இடம். பேக்கப் என்பாள்.

"ரெண்டு மெஷினுக்கும் ஸ்கிரீன்ல வர்ற ஜன்னல் ஒரே கறுப்பு, ஒரே எழுத்து. எதுக்குள்ள இருக்கோம்னு கண்ணுக்குத் தெரியாது ஆயா. அதான் வாய்விட்டுச் சொல்லுவேன். எங்க நிக்கிறேன், என்ன செய்யப் போறேன், சொல்லி முடிச்ச பிறகுதான் பொத்தானை அமுக்குவேன்."

ஏன் அப்படி என்பதை அன்று சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துச் சொன்னாள். இங்கே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அண்ணனூரில் இருக்கிறோம் என்று நினைத்து, ஆவடியில் ஒரு நாள் ரிப்போர்ட் அத்தனையும் அழித்துவிட்டாளாம். பதறிப்போய் நெமிலிச்சேரிக்குள் நுழைந்து நகலைத் திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் நகல் எடுத்தாயிற்று, எடுத்தாயிற்று என்று சேதி வந்துகொண்டுதான் இருந்தது. எடுத்தது வெறும் டப்பா. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்கு ரத்தம் கொடுத்த எண்ணூறு பேரும் மறுபடி வந்து கையை நீட்ட வேண்டியதாயிற்று.

"அதுல ஒரு வயசானவர், நரம்பே கிடைக்காம ஆறு தடவை குத்தினாங்களாம். லேப்ல சொன்னாங்க. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது."

சொல்லும்போது தன் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை நெமிலிச்சேரியில் இருந்து ஒரு நகலை எடுத்து, அண்ணனூரில் இறக்கி, பத்து ரிப்போர்ட்டைத் திறந்து படித்துப் பார்ப்பாள். நீ சாம்பிராணி போடுகிற நாளை விட்டாலும் விடுவாய், அவள் அந்தச் செவ்வாயை விட்டதில்லை.

நான் போய் உட்கார்வது வழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினவர், போய்ச் சேர்ந்தார். மகன் வெள்ளானூர் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கிறான். கீழே எனக்கு டி.வி.யைத் தவிரப் பேச்சுத் துணை இல்லை. அவள் ஒரு வேலையைத் தொடங்கும் முன்னால் நான் கேட்பேன்: "எந்த ஸ்டேஷன்?" அவள் மெஷினிடம் பெயர் கேட்டு, அது சொன்னதைப் படித்துவிட்டு, "ஆவடியில் நிற்கிறேன், ஆயா" என்பாள். "இன்னா செய்யப்போற?" என்பேன். சொல்லுவாள். ஒரு தடவை சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்று, "ஐயோ, இது அண்ணனூர்ல செய்ய வேண்டியது" என்று கையை எடுத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கினது மாதிரி என்றைக்கும் இறங்கினதில்லை.

அவளிடம் பிடிவாதமாகச் சில பழக்கங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்றையும் தொடமாட்டாள். அம்மனுக்காக என்று நான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். "இல்ல ஆயா, வெள்ளிக்கிழமை ஒண்ணை மாத்தி அது உடைஞ்சா, சனி ஞாயிறு கேக்கிறதுக்கு ஆள் கிடைக்காது" என்றாள். மெஷின் படுத்துவிட்டால் ஆபீசில் இருந்து எல்லோரும் "ரீஸ்டார்ட் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு" என்று கத்துவார்கள். இவள் செய்யமாட்டாள். மெஷின் தனக்கு நடந்ததையெல்லாம் தானே வரிவரியாக எழுதிவைக்குமாம். லாக் என்று பெயர். முதலில் அதில் கடைசிப் பக்கத்தைப் படிப்பாள். "என்ன வலின்னு கேக்காம எழுப்பி உக்கார வச்சா மறுபடி விழும்" என்பாள். மெஷினுக்குள்ளே நுழைகிற பூட்டை மாற்றுகிற நாளில், ஒரு ஜன்னலில் தான் உள்ளேயே இருந்துகொண்டு, இன்னொரு ஜன்னலில் வெளியிலிருந்து வந்து பார்ப்பாள். அது திறந்த பிறகுதான் முதல் ஜன்னலை மூடுவாள். பூட்டு சரியில்லாவிட்டால் உள்ளே இருக்கிறவள் திறந்துவிடலாம் பார். எத்தனை கெட்டிக்காரத்தனம்! நான் சாவியை உள்ளே வைத்துக் கதவை அடித்துச் சாத்திவிட்டு, இருமுறை பூட்டை உடைத்தவள்.

இத்தனையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதுதான் அவளுக்கு வந்த கேடு. கூட வேலை பார்த்தவர் முதல் வருடமே விலகிவிட்டார். ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. போன் எந்த நேரமும் கையில் இருக்க வேண்டும். குளிக்கப் போனால் சோப்பு டப்பா மூடியில் வைத்துக்கொண்டு போவாள். பால் பூத் வரைக்கும் போவாள், அதற்கு மேல் கால் நகராது. சினிமா கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. அரை டம்ளர் அரிசி போட்டு ஒரு வேளை வடித்து மூன்று வேளை சாப்பிடுவாள். திருவிழாவுக்குக் கரகம் போகும்போது மாடிச் சுவர் ஓரம் நின்று, காதில் போனோடு பார்ப்பாள்.

உன் மகள் பானுப்பிரியாவுக்கு வளைகாப்பு நடந்ததே, அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா உனக்கு? முந்தின நாள் வரதனிடம் சொல்லி இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி உன் வாசல் வரைக்கும் வந்தாள். அங்கே வைத்துப் போன் அடித்தது. ஆவடி விழுந்துவிட்டது. திரும்பி ஓடினாள். நீ பார்த்தது அவள் முதுகை. "வாச வரிக்கும் வந்து மதிக்காம திரும்பிட்டா" என்று நீ அன்றைக்குத் தொடங்கினதுதான் இந்தப் பேச்சு அத்தனையும். அந்த வளையல் இன்னும் அந்த அறை அலமாரியில் இருக்கிறது. வந்து பார்.

மனிதர் என்று அவளுக்கு இருந்தது தகப்பனார் ஒருவர். மலையில் அவர் இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை, போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஒன்றரை மணி நேரம் கீழே இறங்கி, கடைத்தெருவில் நின்று பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். பத்து நிமிடப் பேச்சு. மறுபடி பஸ். இவளால் அங்கே போக முடியாது, ஏனென்றால் போன் எடுக்காத இடத்துக்குப் போக இவளுக்கு அனுமதியில்லை. நான்கு வருடமாகத் தகப்பன் முகத்தை அவள் நேரில் பார்க்கவில்லை.

போன தை மாதம் ஒரு ஞாயிறு. நானும் பக்கத்தில் இருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"தாயி, முட்டி ஒத்துக்கிடல. பஸ்ஸுல ஏறி எறங்க முடியல. இனிமே வர மாட்டேன் போல."

"அப்ப எப்படிப்பா பேசுறது?"

"கூப்பிடலைன்னா நல்லா இருக்கேன்னு நெனச்சுக்க."

போனை வைத்தாள். பிறகு கம்பெனியில் கிருபாகரன் என்று இருக்கிற மேலதிகாரியைக் கூப்பிட்டாள். ஆள் போட்டே ஆக வேண்டும், நான் மலைக்குப் போக வேண்டும் என்றாள். அந்த ஆள் ஒரு வாரம் இழுத்துவிட்டுச் சொன்னார்: கோயம்புத்தூரில் ஸ்ரீநாத் என்று ஒருவரை எடுத்திருக்கிறோம், நிஜமாக ஒரு பழுது வந்து, உன்னைக் கூப்பிடாமல் அவர் தனியாகச் சரிசெய்யட்டும், அன்றைக்கு நீ கிளம்பலாம்.

அதற்குத்தான் அவள் புத்தகம் எழுதத் தொடங்கினாள். எது உடைந்தால் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது, தொட்டால் எப்படித் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, எல்லாம். ஒவ்வொரு பக்கமும் எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டுவாள்.

"எனக்கு ஏன் கண்ணு? நான் கைநாட்டு."

"அதனாலதான். எனக்குத் தெரிஞ்சதை எழுதாம விட்டுடுவேன் ஆயா. உங்களுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்."

நான் விடுவேனா? "சரியா இருக்கான்னு பார்க்கவும்" என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தாள். "எப்பிடி இருந்தா சரி? அத்த சொல்லு" என்றேன். அரை நாள் உட்கார்ந்து, இந்த வரி வந்தால் சரி, இந்த வரி வந்தால் தப்பு என்று எழுதினாள். இன்னொரு இடத்தில், டிஸ்க் என்கிற கிடங்கு நிரம்பிவிட்டால் பெரிய லாக்கை அழித்தாலும் இடம் வராது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற புரோகிராம் கையை விட வேண்டும் என்றாள். எனக்கு மண்டையில் ஏறவில்லை. மூன்று நாள் சண்டை போட்டோம்.

"ஊட்ட காலி பண்ணிட்டான், ஆனா சாவி அவனாண்டயே கீது. அப்பால புதுசா எவன் வந்து குந்த முடியும்? அதானே?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அதை அப்படியே எழுதிக்கொண்டாள். முப்பத்தோராம் பக்கம். எழுத்து தெரியாத என் வாக்கு ஒரு புத்தகத்தில் இருக்கிறது, சாமுண்டீஸ்வரி.

இனி ஒன்று சொல்லுகிறேன், அவள் பேரில் பழி போடுகிறவர்களுக்கு முன்னால் என் பழியையும் சொல்லிவிட வேண்டும். புத்தகம் முடிந்தால் அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். கடைசி நாலைந்து பக்கம் வந்தபோது, புரிந்ததைப் புரியவில்லை என்றேன். ஒரு பக்கத்துக்கு மூன்று தடவை அப்படிச் சொன்னேன். அவள் திருத்தித் திருத்தி எழுதினாள். பங்குனியும் போய்ச் சித்திரை வந்துவிட்டது. ஒரு நாள் அவள் படித்துக்கொண்டு வரும்போது, நான் கவனமில்லாமல் அடுத்த வரியை நானே சொல்லிவிட்டேன்.

அவள் நிறுத்தினாள். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஆயா, இது நேத்தே புரிஞ்சிருச்சுல்ல?"

"ஆமா."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் காப்பி போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். குடித்து முடித்து, "மீதியப் படி, நேராச் சொல்றேன்" என்றேன். அன்றைக்கே முடிந்தது புத்தகம்.

பழுதுக்குக் காத்திருந்தோம். பழுது வர வேண்டும் என்று காத்திருந்த வீடு கள்ளிக்குப்பத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். நான்கு வருடமாக நாளுக்கொரு தடவை விழுந்த மெஷின்கள், பதினெட்டு நாள் கல்லு மாதிரி நின்றன. பத்தொன்பதாம் நாள் ஞாயிறு, காலை பத்தரை மணி. போன் அலறியது. ஆளின் குரல் இல்லை. மெஷின் விழுந்தால் தானாக வருகிற சத்தம். ஆவடி.

அவள் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். போனை என் மடியில் வைத்தாள். "ஸ்ரீநாத் கூப்பிட்டா மட்டும் குடுங்க. நானே கேட்டாலும் தராதீங்க."

திரையில் அந்த ஆள் செய்வது இவளுக்குத் தெரியும். புத்தகம் எழுதும்போதுதான் திரையில் ஆவடி ஜன்னலுக்கு மட்டும் சிவப்பு நிறம் வைத்திருந்தாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. எனக்காக ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

"உள்ள வந்துட்டார்."

"மொதல்ல இன்னா செஞ்சார்?"

"பேர் கேட்டார். எந்த மெஷின்னு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"லாக் படிக்கிறார்... டிஸ்க் நிரம்பியிருக்கு, பாத்துட்டார்... பெரிய ஃபைலை நெமிலிச்சேரிக்கு நகல் எடுக்கிறார்... அழிச்சுட்டார்."

"இடம் வந்துச்சா?"

"வரல."

பிறகு திரை அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தொடைக்கு அடியில் இருந்த கை வெளியே வந்தது. "குடுங்க ஆயா. ஒரே வரி சொல்லிடறேன்" என்று என் மடியைப் பார்த்தாள். நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தர மாட்டேன்."

"ஆயா, லேப்ல ஜனங்க நிப்பாங்க!"

"முப்பத்தொண்ணாம் பக்கம் எழுதினியே, இன்னாத்துக்கு? அந்த ஆள் பொரட்டிக்கினு இருப்பான். குந்து."

நிஜத்தில் எனக்குள்ளே என்ன ஓடியது தெரியுமா? அந்தப் போன் அடித்தால் போதும், அவள் இங்கேயே இருப்பாள். என் இடுப்பில் அது சூடாக இருந்தது. அடிக்கவில்லை. திரை அசைந்தது. முழு மெஷினையும் எழுப்பாமல், பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு புரோகிராமை மட்டும் நிறுத்தித் தொடங்கினார். "இடம் வந்துடுச்சு" என்றாள். மொத்தம் இருபத்துநான்கு நிமிடம். சாயங்காலம் அந்த ஸ்ரீநாத்திடமிருந்து ஒரு சேதி வந்தது: சாவி விஷயம் எழுதினது யார், நல்லா இருந்தது. கிருபாகரனும் வாக்கு மாறவில்லை.

மறுநாளும் அடுத்த நாளும் அவள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நான்கு வருடம் அதற்காக ஏங்கினவள்தான், ஆனாலும் அந்த இரண்டு நாளும் எதையோ தொலைத்தவள் மாதிரி அறைக்கும் மாடிக்கும் நடந்தாள். இரண்டாம் நாள், "எந்த ஸ்டேஷன்?" என்று விளையாட்டுக்குக் கேட்டேன். "எதுலயும் இல்ல ஆயா" என்றாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினாள். பாயைச் சுருட்டி, அறையைப் பெருக்கி, ஜன்னலைச் சாத்தினாள். ஒரு பை. அதில் தகப்பனார் முட்டிக்குத் தைலம், புதுப் போர்வை, உள்ளே நான் கட்டிக்கொடுத்த வடகம்.

"எப்ப வருவ?"

"தெரியல ஆயா. அப்பாவைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"அங்கதான் போன் எடுக்காதே, எப்பிடிச் சொல்லுவ?"

அவள் என் கையைப் பிடித்தாள். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தாள், படி இறங்கினாள், தெருவில் கால் வைத்தாள். நீ மாடியில் நின்று பார்த்தாயே, அதுதான் அது. உன்னைப் பார்த்துத் தலையாட்டினாள், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நான் மாடி அறைக்குப் போனேன். சுவரில் அவளுடைய சார்ஜர் இரண்டும் செருகினபடியே இருந்தன. மறந்துவிட்டாள். அந்த இரண்டையும் விட்டு அவள் ஒரு நாள் இருந்ததில்லை. ஓடிச் சுவர் ஓரம் வந்து பார்த்தேன். வரதனின் கேன் வண்டி பக்கத்தில், தெரு திரும்புகிற இடத்தில் நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பை. போன் பிடித்துப் பிடித்து மரத்துப்போன மற்றக் கையைச் சும்மா வீசிக்கொண்டு நடந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். எனக்குக் குரலும் இருந்தது.

நான் கூப்பிடவில்லை.